நிற்கும்போது பார்க்கக் கூடாத கேமரா

பியோ சாங்கு என்ற பெரியவர் கடைக்குள் வந்தபோது, நோ தோக்பால் ஒரு வாடிக்கையாளரை விரட்டிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். விரட்ட வேண்டும் என்று நினைத்து விரட்டவில்லை. அந்த ஆள் காருக்கு ஒரு கேமரா வாங்க வந்தான். தோக்பால் தன் முப்பத்தொரு வருட டாக்ஸி அனுபவத்தை எடுத்துவிட ஆரம்பித்தார். பன்னிரண்டாவது வருடத்துக்கு வருவதற்குள் அவன் ‘போன் வருது’ என்று சொல்லி நழுவிவிட்டான். போன் ஒன்றும் வரவில்லை. அது தோக்பாலுக்கும் தெரியும்.

தென்கொரியாவின் இஞ்சோன் நகரத்தில், பூப்யோங் பக்கம், கார் சாமான் விற்கும் சந்தில் கடைசிக் கடை அது. முதலாளி சொக் மியோங்ஹி, ஐம்பத்தெட்டு வயது அம்மாள். இருபத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரிக்கும் வேலை பார்த்துவிட்டு இந்தக் கடையைப் போட்டவர். தோக்பால் அங்கே வேலைக்காரர் அல்லர். ஆறு வருடத்துக்கு முன் கேமரா ரிப்பேருக்கு வந்தார், வந்தவர் வந்தபடியே இருக்கிறார். சம்பளம் கிடையாது, கேட்டதும் கிடையாது. அவர் வீடு என்பது ஒற்றை அறை, ஒரு டீவி, சோறு வேகவைக்கும் ஒரு மின்பானை. அங்கே போய் யாரிடம் பேசுவது?

“நல்லதா ஒரு கறுப்புப்பெட்டி வேணும்மா” என்றார் பியோ. கார் கேமராவுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர், அது வெள்ளை நிறத்தில் இருந்தாலும். “தினசரி ஓட்டறதுக்கு. ஆடம்பரம் வேணாம். ஆனா நான் சொல்றது உண்மைன்னு சொல்லணும்.”

எழுபத்தாறு வயது இருக்கும். கோட்டு தேய்த்துப் போட்டிருந்தார், முகம் வழவழவென்று மழித்திருந்தது. தோக்பால் துள்ளி எழுந்தார். “அண்ணே, சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க! ஃபோர்-கே கேமரா ஒண்ணு இருக்கு பாருங்க, முன்னால போற ஈயோட மீசை தெரியும்!”

“ஈயோட மீசையை வெச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணப் போறாரு?” என்று சொக் அம்மாள் நிமிராமலே கேட்டார். “ராத்திரியில நம்பர் பிளேட் தெரிஞ்சா போதும். இப்ப இருக்கறதுக்கு என்ன ஆச்சு, ஐயா?”

அது அவருடைய கொள்கை. பழைய கேமராவைப் பார்க்காமல் புதியதை விற்கமாட்டார். அதனாலேயே அந்தக் கடை ஆறு வருடமாக அதே அளவில் இருந்தது.

பியோ சொன்னார். காரின் வலது பக்கக் கதவில் மூன்று நசுங்கல். ஒரு மாதத்துக்குள் மூன்றும். போன வாரம், மூன்று மாதம் கழித்து, சுவோன் ஊரிலிருந்து மகன் வந்தான், பார்த்துவிட்டான். “‘நீங்களே எங்கேயோ இடிச்சிட்டு மறந்துட்டீங்க, வயசாச்சு’ன்றான். வர்ற சனிக்கிழமை மறுபடி வர்றான். அதுக்குள்ள நான் இடிக்கலன்னு காட்டணும். இல்லேன்னா லைசென்ஸை ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துடணும்னு சத்தியம் வாங்கிட்டான்.”

“கொடுத்தா பதிலுக்கு பஸ் அட்டை தருவாங்களே அண்ணே?”

“அட்டையை வெச்சு என்ன தம்பி பண்றது? என் வீட்டுக்காரி கங்வா தீவுல, முதியோர் ஆஸ்பத்திரியில இருக்கா. கார்ல ஐம்பது நிமிஷம். பஸ்ஸுன்னா மூணு மாறணும், ரெண்டரை மணி நேரம். மத்தியானச் சோறு நான் ஊட்டினாத்தான் வாயைத் திறப்பா. நர்ஸ் ஊட்டினா பல்லைக் கடிச்சிக்குவா. இந்தக் குளிர்ல தினம் அஞ்சு மணி நேரம் பஸ்ஸுல போய்வர என்னால ஆகாது. வாரத்துக்கு ஒரு நாள்தான் போக முடியும். மீதி ஆறு நாள்?”

தோக்பால் ஒரு முக்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தார். சொக் அம்மாள் மட்டும் அதே குரலில் கேட்டார். “நசுங்கினது ஓட்டும்போதா, நிறுத்தியிருந்தப்பவா?”

“நிறுத்தியிருந்தப்ப.”

“அப்ப ஈசி. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டு கண் வேணும். வண்டி நின்னப்புறமும் விழிச்சிருக்கற மாதிரி வெச்சிடலாம். யாராவது தொட்டா உடனே பதிவாகும்.”

பியோவின் முகம் சட்டென்று மாறியது. “வேணாம்மா. ஓட்டும்போது பார்த்தா போதும். நின்னா அது தூங்கிடணும். பேட்டரி தீர்ந்துடும் பாருங்க.”

“தீராது ஐயா. பேட்டரி இறங்கினா அதுவே அணைஞ்சிக்கும்.”

“இருந்தாலும் வேணாம்.”

அந்த நேரம் பெரியவரின் போன் அடித்தது. அவர் பாய்ந்து எடுத்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. யாரோ தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தை வாடகைக்கு விடும் பெண். தோக்பாலாக இருந்தால் மூன்றாவது வார்த்தையில் வைத்திருப்பார். பியோ அப்படிச் செய்யவில்லை. இயந்திரம் எத்தனை லிட்டர் பிடிக்கும், வெந்நீர் வருமா, அந்தப் பெண் எந்த ஊர், காலையில் சாப்பிட்டாளா, நாள் முழுக்க பேசினால் தொண்டை வலிக்காதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவள்தான் கடைசியில் ‘சரிங்க ஐயா, வெச்சிடறேன்’ என்று கெஞ்சவேண்டி வந்தது.

அதற்குள் சொக் அம்மாள் வெளியே போய்க் காரைச் சுற்றி வந்துவிட்டார். தோக்பாலும் பின்னாலேயே ஓடினார். சாம்பல் நிறப் பழைய கார், மேலெல்லாம் புழுதி. வலது பக்கக் கதவுகளில், ஒரே உயரத்தில், கட்டைவிரலால் அழுத்தியதுபோல் மூன்று குழிகள். அந்த மூன்று குழிகளைச் சுற்றி மட்டும் மெழுகு போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. டிக்கியின் மேல் படிந்த புழுதியில் யாரோ இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திய தடம். கண்ணாடிக்குள், எல்லாரும் வைப்பதுபோல், கார் சொந்தக்காரரின் போன் நம்பர் அட்டை. ஆனால் எல்லாரும் வைப்பது விரல் நீளம். இது நோட்டுப் புத்தகம் அளவு, தடித்த மையில், தெருக்கோடியிலிருந்து படிக்கலாம்.

“கண்ணு தெரியாதவங்களுக்காக எழுதியிருக்காரு போல” என்றார் தோக்பால்.

சொக் அம்மாள் காருக்குள் குனிந்தார். கேமராவிலிருந்து மெமரி கார்டு என்கிற பதிவுச் சில்லை மட்டும் கழற்றிக்கொண்டார். “இதை சனிக்கிழமை வரைக்கும் வெச்சுக்கறேன் ஐயா. புதுசா ஒண்ணு போட்டு அனுப்பறேன்.” பியோ ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மணியைப் பார்த்தார். மனைவியின் சாப்பாட்டு நேரம். கிளம்பிவிட்டார்.

அன்று பகல் முழுக்க இருவரும் சில்லில் இருந்ததைப் பார்த்தார்கள். கடற்பாசியில் சோறு வைத்துச் சுருட்டிய கிம்பாப் வாங்கிவந்து திரையின் முன்னாலேயே சாப்பிட்டார்கள். கேமராவில் வண்டி நிற்கும்போது பார்க்கும் வசதி இருந்தது. யாரோ அதைக் கையால் அணைத்திருந்தார்கள், இரண்டு மாதத்துக்கு முன், அக்டோபர் எட்டாம் தேதி.

“மகன்தான்!” என்று தோக்பால் மேசையைத் தட்டினார். “கிழவர்கிட்டேருந்து காரைப் பிடுங்க, அவனே நசுக்கிட்டு அவனே அணைச்சிருக்கான்!”

“மகன் சுவோன்ல இருக்கான். மூணு மாசத்துல ஒரு தடவைதான் வந்தான்.”

“அப்ப அப்பார்ட்மெண்ட் காவலாளி.”

“பேசாம படத்தைப் பாருங்க.”

கார் ஓடிய நேரம் மட்டும்தான் பதிவில் இருந்தது. காலை ஒன்பதுக்குக் கிளம்பல், மாலை நாலே காலுக்கு வந்து சேர்தல். இது தினமும். ஆனால் சில நாட்களில் மட்டும், விடிகாலை ஆறு இருபதுக்கு ஒரு நிமிடப் பயணம் இருந்தது. இன்ஜின் உயிர்பெறும். பெரியவர் மூச்சு வாங்குவது கேட்கும். “வந்துட்டேன், வந்துட்டேன்… சாப்பிட்டியாம்மா?” வெளியிலிருந்து ஒரு இளம்பெண் குரல், “இன்னும் இல்ல தாத்தா, லேட்டாயிடுச்சு.” கார் பத்து மீட்டர் நகர்ந்து, வண்டி நிறுத்தக் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் நிற்கும். அவ்வளவுதான்.

தோக்பால் கிம்பாப்பைக் கீழே வைத்தார். “ஐயோ. மகன் சொன்னது சரிதான் போல. எங்கேயோ குறுக்கே நிறுத்திட்டு மறந்து போய்டறாரு. அந்தப் பொண்ணு எழுப்பி எழுப்பி எடுக்கச் சொல்லுது.”

“முந்தின நாள் சாயங்காலம் பாருங்க.”

நாலே கால். கார் அடுக்குமாடி வளாகத்துக்குள் திரும்புகிறது. ஆட்கள் வேலையிலிருந்து திரும்பாத நேரம். இடது பக்கம் ஏழு கட்டங்கள் காலி. பியோ ஏழையும் மெதுவாகக் கடந்தார். பச்சைநிறக் குட்டிக் கார் ஒன்றின் முன்னால், அது வெளியே வரமுடியாதபடி குறுக்கே நின்றார். கைப்பிரேக்கை இழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“அடப்பாவி மனுஷா!” தோக்பாலுக்கு டாக்ஸிக்காரர் கோபம் வந்துவிட்டது. “குறுக்கே நிறுத்தினா பிரேக்கை எடுத்துவிட்டு, நியூட்ரல்ல விட்டுட்டுப் போவான் மனுஷன். தேவைப்படறவன் கையால தள்ளிட்டுப் போவான். பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். பிரேக்கைப் போட்டுட்டுப் போனவன் எத்தனை பேரை நான் கிழிகிழின்னு கிழிச்சிருக்கேன்!”

“போன்லதானே கிழிச்சீங்க?”

“பின்ன? கண்ணாடியில நம்பர் இருக்கே.”

“ம்” என்றார் சொக் அம்மாள். பிறகு ஒரு தாளில் தேதிகளை எழுத ஆரம்பித்தார். பச்சைக் காரின் முன்னால் நிறுத்திய நாட்கள், ஒழுங்காகக் கட்டத்தில் நிறுத்திய நாட்கள். கட்டத்தில் நிறுத்தும்போது பியோ ஒரே திருப்பில், கோட்டைத் தொடாமல் நிறுத்தியிருந்தார். தேதிகளில் எந்த ஒழுங்கும் இல்லை. இரண்டு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி, நாலு நாள் இப்படி. எழுதி முடித்ததும் சொக் அம்மாள் தாளை வெகுநேரம் பார்த்தபடி இருந்தார். தோக்பால் கேட்டும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லாத குணம் அவருக்கு உண்டு; அதற்காக தோக்பால் ஆறு வருடமாகக் கோபித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வளாகத்தில் கூடினார்கள். பச்சைக் காரின் சொந்தக்காரி க்வாக் உன்சோல், முப்பது வயது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொக் அம்மாள் முந்தின நாளே அவளைப் பார்த்துப் பேசியிருந்தார். மகன் இன்னும் வரவில்லை. சொக் அம்மாள் பியோவைத் தனியே அழைத்துப் போனார். தோக்பால் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

“ஐயா, எனக்குத் தெரிஞ்சிடுச்சு. சொல்லட்டுமா?”

பியோ தரையைப் பார்த்தார். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. “கதவைப் பத்தி மட்டும் சொல்லும்மா. மத்தது வேணாம். என் பையன் முன்னால வேணவே வேணாம்.”

“முயற்சி பண்றேன்.”

மகன் பியோ கியூவோன் வந்தான். வேகமாக நடக்கும், கெட்டவன் அல்லாத, களைத்த மனிதன். வந்தவன் எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னான். கையிலிருந்த போனைப் பையில் வைக்கவில்லை.

“ஓடற கார் தூண்ல பட்டா கீறல் நீளமா இழுக்கும்” என்றார் சொக் அம்மாள், கதவைத் தொட்டுக்காட்டி. “இது இழுக்கல, குத்தியிருக்கு. உங்க அப்பா கார் நின்னுட்டிருந்துச்சு. இன்னொரு காரோட முனை வந்து அழுத்தியிருக்கு. மூணும் ஒரே உயரம், அதனால மூணும் ஒரே கார். உன்சோல், உன் வண்டியோட முன் முனையை அவருக்குக் காட்டும்மா.”

பச்சை பம்பரின் மூலையில் சாம்பல் நிறம் தேய்ந்திருந்தது.

“நான்தாங்க” என்றாள் உன்சோல். கண்ணில் நீர் கட்டிவிட்டது. “முதல்ல தள்ளிப் பார்ப்பேன், நகராது. தாத்தாவைக் கூப்பிட்டா அந்தக் குளிர்ல ஓடி வருவாரு, மூச்சு வாங்கும். பாவமா இருக்கும். அதான் மூணு நாள் கூப்பிடாம நானே திருப்பி எடுத்துடலாம்னு பார்த்தேன். இடிச்சிட்டேன். மூணு தடவையும் மன்னிப்புக் கேட்டேன். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னாரு. நீ கூப்பிட்டிருக்கலாமேன்னு மட்டும்தான் சொன்னாரு. பெயிண்டை அவரே துடைச்சிட்டாரு.”

“ஆக, உங்க அப்பா எதையும் இடிக்கல” என்றார் சொக் அம்மாள். “லைசென்ஸ் அவர்கிட்டயே இருக்கலாம். நான் சொல்லவேண்டியது அவ்வளவுதான்.”

தோக்பால் கை தட்டவே போனார். ஆனால் மகன் முட்டாள் இல்லை.

“ஒரு நிமிஷம்மா. அப்பா குறுக்கே நிறுத்தினாரு. நாலு மணிக்கு இங்கே இடம் இல்லாமலா போச்சு? அதுவும் பிரேக்கைப் போட்டுட்டு. யாரு இடிச்சதுன்னு தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல. இதெல்லாம் நல்ல நினைவுள்ளவர் செய்யற காரியமா? நான் பயந்தது இதுக்குத்தான். அப்பா, கிளம்புங்க. திங்கட்கிழமை ஆபீஸ்ல கொடுத்துடலாம். நல்லாயில்லாத ஆளை ரோட்டுல விட்டு நாளைக்கு யாரையாவது ஏத்திட்டா?”

சொக் அம்மாள் பியோவைப் பார்த்தார். பியோ தலையை லேசாக, முடியாது என்று ஆட்டினார். தோக்பாலுக்குத் தாங்கவில்லை. “முதலாளியம்மா, சொல்லித் தொலைங்களேன்! அந்த அம்மா சாப்பாட்டுக்கு யாரு போவா?”

அந்த வார்த்தையில்தான் பெரியவர் அசைந்தார்.

“சொல்லிடும்மா” என்றார்.

சொக் அம்மாள் பையிலிருந்து தாளை எடுத்தார். “இது உங்க அப்பா குறுக்கே நிறுத்தின நாளெல்லாம். இது உன்சோலோட வேலை அட்டவணை. அவளுக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும், அவளே போன்ல பார்த்துத்தான் சொல்லுவா. உங்க அப்பா விசாரிச்சப்பல்லாம் சொல்லியிருக்கா. காலை ஷிப்டுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் கார் குறுக்கே நின்னிருக்கு. லீவு நாள், ராத்திரி ஷிப்ட் நாள், ஒழுங்கா கட்டத்துல. ரெண்டு மாசத்துல ஒரு நாள்கூடத் தப்பல. இதை மனசுல வெச்சிருக்கறவருக்கா மறதி? நீங்க வெச்சிருப்பீங்களா? நான் வெச்சிருக்க மாட்டேன்.”

“எதுக்காக?” என்றான் மகன். உண்மையிலேயே புரியாமல் கேட்டான்.

“அவர் என்கிட்ட கேட்ட கேமராவை யோசிச்சுப் பாருங்க. நிக்கும்போது இடிபடற காருக்கு, நிக்கும்போது பார்க்காத கேமரா வேணும்னாரு. ராத்திரி முழுக்க கார் எங்கே நிக்குதுன்னு யாரும் பார்க்கக் கூடாது. அந்த நம்பர் அட்டையைப் பாருங்க. எவ்வளவு பெருசு. பிரேக்கை எடுத்துட்டா தள்ளிட்டுப் போயிடுவாங்க. பிரேக்கைப் போட்டாத்தான்—”

“போன் வரும்” என்றார் பியோ. மகனைப் பார்க்கவில்லை. “முதல் தடவை நிஜமாவே தெரியாமத்தான் விட்டுட்டேன். இந்தப் பொண்ணு கூப்பிட்டுது. திட்டப் போகுதுன்னு பயந்துகிட்டே எடுத்தேன். ‘தாத்தா, தூக்கத்தைக் கெடுத்துட்டேனா, சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டுது. உங்க அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் அந்த வீட்டுல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. அவளுக்குச் சோறு ஊட்டறேனே, அவளுக்கு நான் யாருன்னு தெரியாது. யாரோ ஆஸ்பத்திரிக்காரன்னு நெனைச்சுக்கறா.” கொஞ்சம் நிறுத்தினார். “அஞ்சு மணிக்கே எழுந்து மழிச்சு, கோட்டுப் போட்டு, செருப்போட கதவுகிட்ட உட்கார்ந்திருப்பேன். தப்புதான். இந்தப் பொண்ணைக் கஷ்டப்படுத்திட்டேன்.”

உன்சோல் வாயைப் பொத்திக்கொண்டாள். “எனக்குத் தெரியாது தாத்தா. சில நாள் எரிஞ்சு விழுந்திருக்கேனே.”

“எரிஞ்சு விழுந்தாலும் என்கிட்டதானேம்மா விழுந்தே.”

தோக்பால் வேறு பக்கம் திரும்பி, காலியாக இருந்த கட்டங்களை எண்ண ஆரம்பித்தார். அவருடைய அறையில் போன் கடைசியாக எப்போது அடித்தது என்று யோசித்தால் அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

கியூவோன் தாளை வாங்கி, தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தான். பிறகு நீளமாக மூச்சு விட்டான். தோளே கீழே இறங்கியது. “அப்ப மூளைக்கு ஒண்ணும் இல்ல” என்றான். “அப்பா, நான் ஒரு வாரமா தூங்கல, தெரியுமா? டாக்டர்கிட்டகூட நேரம் வாங்கி வெச்சேன். அதை ரத்து பண்ணிடலாம். லைசென்ஸை வெச்சுக்கோங்க. ஆனா கட்டத்துல நிறுத்துங்க, சரியா? அப்புறம் நான் போன் பண்றேன். நிச்சயமா பண்றேன்.”

“எப்போ?” என்றார் பியோ.

“பண்றேன்பா.” அவன் போனைப் பார்த்தான். “பன்னிரண்டுக்குக் குழந்தையை வகுப்புலேருந்து கூட்டிட்டு வரணும். இப்பக் கிளம்பினாத்தான் முடியும்.” அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினான். உண்மையான அன்போடுதான் அழுத்தினான். அவன் வந்து இருபத்தைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மகனின் கார் போன பிறகு உன்சோலும் வேலைக்கு நேரமாகிறது என்று குனிந்து விடைபெற்றாள். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு ராத்திரி ஷிப்ட். அவள் சொல்லவில்லை. பியோவுக்குத் தெரியும்.

சொக் அம்மாள் காரில் பின்பக்கக் கேமராவைப் பொருத்தினார். நின்றபின்னும் விழித்திருக்கும்படி வைத்து, தான் எடுத்து வைத்திருந்த பழைய சில்லைத் தூக்கிப்போட்டார். “இது போதும் ஐயா, தினசரி ஓட்டறதுக்கு. இதுக்கு மேல வேணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.”

பியோ மகனின் கார் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாருங்க தம்பி” என்றார் தோக்பாலிடம், குறை சொல்வதுபோல் அல்லாமல், ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல. “மூளை கெட்டுப் போயிருந்தா, மத்தியானச் சாப்பாட்டு வரைக்குமாவது இருந்திருப்பான்.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் தோக்பால், கட்டத்தின் கோட்டைக் காலால் தேய்த்தார். கடைசியில், “அண்ணே, ஆஸ்பத்திரிக்கு நானும் வரட்டுமா? சும்மாதான் இருக்கேன்” என்றார்.

பெரியவர் அதை மரியாதையாக யோசித்தார். “வேணாம் தம்பி. புது ஆளைப் பார்த்தா அவ பயப்படுவா. அப்புறம் என் கையாலகூடச் சாப்பிடமாட்டா.”

மணி பதினொன்றாகப் போகிறது. அவர் காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடிகளைச் சரிசெய்தார். வளாகத்தின் வாசலில், வண்டி எதுவும் வராத அந்தச் சாலையில், முறையாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, விளக்கைப் போட்டுத் திரும்பினார்.